ஆறாவது பெயர்

எங்கள் தலைவரைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். கெட்டதாகச் சொன்னால்கூட அவ்வளவு எரியாது. கெட்டது சொல்பவனோடு சண்டை போடலாம். நல்லது சொல்பவனை என்ன செய்வது? "என் தோளில் கை போட்டு நடந்தவர் அவர்" என்று ஒருவன் கண்கலங்கிச் சொல்லும்போது, எழுந்து போய் அந்தத் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு வரலாம் போல இருக்கும். நானும் அவரோடு பதினைந்து வருடம் நடந்தவன். என் தோளில் அவர் கை போட்டதே இல்லை.

அவர் பெரிய தலைவர் என்று ஊர் உலகம் ஒப்புக்கொள்ளாது. கோலாலம்பூரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. கிள்ளான் பக்கம் ஒரு தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், அவ்வளவுதான். மந்திரியாகவில்லை. அவர் பெயரில் ஒரு சாலைகூட இல்லை. ஆனால் எழுபதுகளில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி அட்டையை வைத்துக்கொண்டு, இந்த மண்ணிலேயே பிறந்திருந்தும் வேலை பெர்மிட்டுக்கு அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். சனிக்கிழமை காலையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் உட்கார்ந்து அவரே பாரம் எழுதுவார். பிறப்புப் பத்திரம் இல்லாத கிழவரிடம், "நீங்க பொறந்தப்ப தோட்டத்துல தொரை யாரு? மருத்துவம் பார்த்த அம்மா யாரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சாட்சி சொல்ல ஆள் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். என் மாமனாருக்குக் குடிமகனுக்கான நீல ஐசி கிடைத்தது அப்படித்தான். அந்தக் கார்டை வாங்கிய அன்று அவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

அவரால் ஆகாததும் உண்டு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியேறிய குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தருவதாக மேடையில் சொன்னார். நான்தான் மைக்கைச் சரிசெய்து கொடுத்தேன். அந்த நிலம் கடைசிவரை வரவில்லை. அந்தக் குடும்பங்கள் ஆற்றோரம் பலகை வீடு கட்டிக்கொண்டு வெள்ளத்தோடு குடித்தனம் நடத்தின. அவரைக் கும்பிடுகிறவன் என்பதற்காக இதை மறைத்தால் அது கும்பிடு ஆகாது.

நான் ரயில்வேயில் கிளார்க். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. பிறந்தது கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என்பதால் கட்சிக் கிளையில் என் பெயர் அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறுவேன். என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம், "சின்ன வீட்டுக்குக் கெளம்பிட்டாருக்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

கட்சியில் என் வேலை மைக் பிடிப்பது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, கோயில் திருவிழாவோ, பாலர் பள்ளித் திறப்போ, எதுவானாலும் தலைவர் பேசுவதற்கு முன்னால் மாலை மரியாதை நடக்கும். கோயில் தலைவர், பெற்றோர் சங்கத்துக்காரர், கடைக்காரர்கள், கிளைக்காரர்கள் என்று வரிசையாக மேடையேறி மாலையோ பொன்னாடையோ போடுவார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பவன் நான். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். யாரை முன்னால் கூப்பிடுவது, யாரைப் பின்னால் கூப்பிடுவது என்பதில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சே முறிந்திருக்கிறது. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. பட்டத்தையும் பதவியையும் சேர்த்துச் சொல்லி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, அவர் மேடைப்படியில் கால் வைக்கும்போது முடிக்க வேண்டும். அந்த இழுப்பு எனக்குக் கைவந்த கலை. இன்றைக்கும் கிள்ளானில் சிலர் என்னைக் கண்டால் அதே மாதிரி இழுத்து என் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. அது யாருக்கும் தெரியாது. கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் தலைவரின் கார் எனக்காகக் காத்திருக்கும். அவரே ஓட்டுவார். முன் சீட்டு என்னுடையது. போகிற வழியில் பட்டியலைப் படிப்பேன். "மொத ஆளு கோயில் தலைவரு. போன மாசம் கண்ணு ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டாரு. மூணாவது, காய்கறிக் கடைக்காரரு. மகளக் குடுத்தது ஈப்போவுல, மாப்பிள்ளை வாத்தியாரு." அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஓட்டுவார். மேடையில் காய்கறிக் கடைக்காரர் மாலை போடக் குனியும்போது அவர் காதில், "வாத்தியார் மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்பார். அந்த மனிதர் இறங்கி வரும்போது பாதி அழுதுகொண்டிருப்பார். தலைவர் யாரையும் மறக்கமாட்டார், தலைவருக்கு என்ன ஞாபகசக்தி என்று தொகுதி முழுக்கப் பேச்சு. இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அந்த ஞாபகசக்தி வாரம் முழுக்க ஊர்க் கதை விசாரித்துச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பஸ்ஸில் வந்து இறங்கியது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதிலேயே ஒரு சுகம் இருந்தது. அவரும் நானும் மட்டும் அறிந்த விஷயம் அது.

என்னை அவர் "கிராணியாரே" என்று கூப்பிடுவார். தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிடுகிற பெயர். மற்றவர் சொன்னால் சுர்ரென்று வரும். அவர் சொன்னால் குளிர்ந்துபோவேன்.

ஒரு குறை இருந்தது. மைக் பிடிக்கிறவன் மாலை போடுவதில்லை என்பது எங்கள் கிளையில் வழக்கம். அவன் மேடையேறிக் குனிந்தால் அடுத்த பெயரை யார் சொல்வது? ஆகவே நூற்றுக்கணக்கான பேரைக் கூப்பிட்டு அனுப்பிய நான், ஒரு தடவைகூட அவர் கழுத்தில் ஒரு முழப் பூ போட்டதில்லை. மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்தவனை அழைப்பேன். பரிமாறுகிறவன் பசியோடு நிற்பது மாதிரிதான். ஆனால் முன் சீட்டு என்னுடையது என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவன் வந்தான். லோரிக்காரன். அப்போது அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழைய லோரி. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லை. மேடையில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவனால் எனக்கு என்ன ஆபத்து வரப்போகிறது என்று நானே அவனைக் கிளையில் சேர்த்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட கையை வெட்டிப் போடலாம் என்று பிறகு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது.

அவனிடம் ஒரு குணம். தலைவரைச் சிரிக்க வைப்பான். நாங்கள் எல்லாம் அவர் முன்னால் பணிவாக நிற்போம். இவன் போய், "தலைவரே, இந்தச் சட்டை நல்லா இல்லலா, ரொட்டிக் கடைக்காரன் மாதிரி இருக்கீங்க" என்பான். எனக்குத் தூக்கிவாரிப் போடும். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அடுத்த வாரம் வேறு சட்டையில் வருவார். அந்தச் சட்டை நல்லாயில்லை என்று எனக்கும்தான் நாலு வருடமாகத் தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் நான் பட்டியல் படிக்கும்போது லோரிக்காரன் பெயர் வந்தது. அவனைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அவனப் பத்தி எனக்குத் தெரியும், கிராணியாரே. அடுத்த ஆளச் சொல்லுங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி ஆகிவிட்டது. என் தயவு இல்லாமல் அவருக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் அவன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "சக்களத்தி வந்துட்டாளா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு.

அதற்கு அடுத்த வருடம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் புதிய கட்டடம் எழும்பியது. நாலே நாலு வகுப்பறை. பெற்றோர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து கட்டியது. மணலும் கல்லும் சிமெண்டும் அத்தனையும் லோரிக்காரன் சும்மாவே ஏற்றி இறக்கினான். எத்தனை நடை என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. திறப்பு விழாவில் மாலை மரியாதைக்குப் பதினான்கு பேர். ஆறாவது பெயர் அவனுடையது. அந்த இடத்தில் போட்டதும் நான்தான். நியாயமான இடம், அதில் குறை சொல்ல முடியாது.

விழா அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கார் வரவில்லை. ஒரு மணி நேரம் போனது. பட்டியலை மடித்து மடித்து அட்டையே நைந்துபோனது. கடைசியில் வேறு பஸ் பிடித்து, தோட்டத்து முனையில் இறங்கி, செம்மண் சாலையில் இரண்டு மைல் நடந்தேன். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது பின்னால் ஹார்ன் சத்தம். ஒதுங்கினேன். லோரி என்னைத் தாண்டிப் போய் நின்றது. முன் சீட்டிலிருந்து தலைவர் இறங்கினார்.

"மன்னிச்சிக்கிங்க கிராணியாரே. வண்டி நடுவழியில மக்கர் பண்ணிடுச்சி. இவன் வந்து ஏத்திக்கிட்டான். உங்களுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லாமப் போச்சி" என்றார். அவர் உண்மையாகத்தான் வருத்தப்பட்டார். ஆனால் மன்னிப்புக் கேட்கும்போதே, லோரியில் அவன் சொன்ன ஏதோ ஒரு தமாஷுக்குச் சிரித்த சிரிப்பின் மிச்சம் அவர் வாயோரத்தில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்காமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாலை மரியாதை தொடங்கியது. முதல் பெயர். இரண்டாவது. ஐந்தாவது ஆள் இறங்கினார். என் கையில் அட்டை இருந்தது. ஆறாவது பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏழாவது பெயரைச் சொன்னேன்.

தவறிப்போனது என்று நானே பிறகு நம்பப் பார்த்தேன். வெயில், களைப்பு, நைந்த அட்டை என்று காரணமும் தயார் செய்தேன். பொய். வேண்டுமென்றே விட்டேன். விடும்போது நெஞ்சு சில்லென்று இருந்தது. பதினான்காவது ஆள் வரை அழைத்து முடித்து, "இத்துடன் மாலை மரியாதை இனிதே நிறைவுறுகிறது" என்று இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துச் சொன்னேன்.

அவன் மேடைப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். புதுச் சட்டை. மடித்த பொன்னாடையை இரண்டு கையிலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு, ஐந்தாவது ஆளுக்குப் பின்னாலேயே வந்து நின்றவன், அப்படியே நின்றான். அவனைத் தாண்டித் தாண்டி எட்டுப் பேர் ஏறி இறங்கினார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. பொன்னாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கம் முணுமுணுப்புக் கிளம்பியது. கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

தலைவர் எழுந்தார். பேசத்தான் வருகிறார் என்று மைக்கை நீட்டினேன். அவர் என்னைக் கடந்து போனார். படியில் இறங்கினார். மூன்றே படி. முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த செம்மண்ணில், வெள்ளைக் காலணியோடு நின்று, அவன் முன்னால் தலையைக் குனிந்தார். அவன் அவசரமாகப் போர்த்தினான். பொன்னாடை ஒரு பக்கம் சரிந்து விழ, அவரே பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, "மைக்க இங்க கொண்டாங்க, கிராணியாரே" என்றார்.

கொண்டு போனேன். அவர் வாய்க்கு நேராக நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மண்ணு கொண்டாந்தவரு மண்ணுல நிக்கிறாரு. நான் மட்டும் மேல நின்னா நல்லா இருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். கைதட்டலில் பந்தல் தகரம் அதிர்ந்தது. கிழவிகள் குலவை போட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சேற்றில், அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவனைக் கீழே தள்ளப் போய், தலைவரையே அவன் காலடிக்கு இறக்கிக் கொண்டுவந்தேன். வேறு யாராவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருந்தால் நான் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பேன்.

திரும்பும்போது தலைமையாசிரியரின் காரில் தலைவரும் நானும் வந்தோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதில் சொல்லி அழுதுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். என் மகளின் பள்ளிப் பரீட்சை பற்றிக் கேட்டார். அடுத்த வாரம் எத்தனை பேர் என்று கேட்டார். பன்னிரண்டு பேர் என்றேன். அதோடு சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் வழக்கம்போல பஸ் ஸ்டாண்டில் நின்றது.

அந்த மூன்று படி பிறகு வளர்ந்தது. ஒரு வருடத்தில் ஏழு படி ஆனது. மழை பெய்துகொண்டிருந்தது என்றார்கள். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார் என்றார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் எந்தச் சாவு வீட்டிலும் தலைவர் பேச்சு வந்தால் இந்தக் கதை வந்துவிடும். லோரிக்காரனை எல்லோருக்கும் தெரிந்துபோனது. முதலில் கிளைச் செயலாளர், பிறகு கிளைத் தலைவர், பிறகு நகராண்மைக் கழக உறுப்பினர். ஒரு லோரி ஆறு லோரி ஆனது. மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டவன், இந்த ஒரு கதையைச் சொல்லிச் சொல்லியே பேசப் பழகிவிட்டான். எங்கள் தொகுதியில் இன்றைக்குத் தலைவரின் வாரிசு என்றால் அவன்தான். அந்த வாரிசை உண்டாக்கியவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சொன்னால் முதலில் என்னைத்தான் அடிப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலைவர் இறந்தார். சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. இறுதிச் சடங்கிலும் மைக் என் கையில்தான். மலர்வளையம் வைக்க வந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். லோரிக்காரன் பாடையைத் தோளில் சுமந்தான். அன்றைக்கும் யாரையும் விட்டுவிடாமல் பட்டியலைச் சரியாகப் படித்தேன். அவர் போன துக்கம் பாதி, அந்தத் தோளைப் பார்த்த எரிச்சல் பாதி. சவ ஊர்வலத்தில் ஒருவனுக்கு இப்படித் தோன்றலாமா என்று கேட்டால், தோன்றியது, அவ்வளவுதான் சொல்வேன்.

முதல் வருட நினைவுக் கூட்டம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். என் மனைவியும் வந்திருந்தாள். லோரிக்காரன் பேசினான். அதே கதை. ஆனால் அவன் மட்டும் படியை மூன்று என்றுதான் சொன்னான், மழையும் பெய்யவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் இப்படி முடித்தான்: "அன்னைக்குப் பட்டியல் எழுதும்போது யாரோ என் பேர விட்டுட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்." சபை கைதட்டியது. என் மனைவி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மண்டபத்துக்குப் பின்னால், தேநீர் ஊற்றி வைத்திருந்த மேசையோரம் தனியாக நின்றேன். அவனே தேடிக்கொண்டு வந்தான். இரண்டு கப் எடுத்து ஒன்றை என்னிடம் கொடுத்தான். எனக்கு அடக்க முடியவில்லை. அவன் கதையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும், கெட்டவனாகவாவது அதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

"உன் பேர விட்டது நான்தான், தம்பி. மறந்து விடல. வேணும்னே விட்டேன்" என்றேன்.

"தெரியும்ணே" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அடுத்த நாளே தலைவரு என் வீட்டுக்கு வந்தாரு. கிராணியாரு வேணும்னுதான் விட்டாரு, அத நீ கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அவரு கோவம் நியாயம்டா, பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் காக்க வச்சவன் நான்தான்னாரு. கிராணியாரு இல்லன்னா மேடையில எனக்கு ஒருத்தன் பேரும் ஞாபகம் வராது, அவரு மனசு நோகாமப் பார்த்துக்கன்னாரு. அதான் நான் வாயத் தொறக்கல."

பதினைந்து வருடம் நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கிராணியார் இல்லாமல் எனக்குப் பெயர் ஞாபகம் வராது என்று தலைவரே சொல்லியிருக்கிறார். சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே எரிந்தது. என்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை, அதையும் இவன் வீட்டுக்குப் போய் இவனிடம்தானே சொல்லியிருக்கிறார். நான் பக்கத்துச் சீட்டில்தானே இருந்தேன்.

அவன் கப்பைக் கீழே வைத்தான். ஆறு லோரிக்கு முதலாளி, நகராண்மைக் கழக உறுப்பினர், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கடைசியா அவரு கண்ணு முழிச்சிப் பேசிக்கிட்டு இருந்தப்ப நீங்கதான் கூட இருந்தீங்கன்னு சொன்னாங்க. நான் அந்த வாரம் ஜொகூருக்கு லோட் ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். வந்தப்ப அவருக்கு நெனவு இல்ல. என்னைக் கேட்டாராண்ணே?"

இதுவரை எழுதாமல் ஒதுக்கி வைத்ததை இப்போது எழுதியாக வேண்டும். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். வேறு யாரும் வந்திருக்கவில்லை. அவரும் நானும் மட்டும். மறுபடி முன் சீட்டு கிடைத்தது போல் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. அவர் கண் திறந்து, "லோரிக்காரன் வந்தானா?" என்று கேட்டார். வேலையாகப் போயிருக்கிறான் என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. "அவனுக்குப் போன் போடுங்க, கிராணியாரே. எனக்கு அவனப் பார்க்கணும். அவன் வந்தா கொஞ்சம் சிரிப்பேன்" என்றார். சரி தலைவரே என்றேன். கீழே பொதுத் தொலைபேசி இருந்தது. அவன் வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். அவன் மனைவியிடம் சொன்னால் எப்படியாவது தகவல் போய்ச் சேர்ந்திருக்கும், ராத்திரியோடு ராத்திரியாக வந்திருப்பான். காசைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தொலைபேசி முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு மலாய்க்கார அம்மா வந்து நின்றார். "நீங்க பேசுங்க ஆன்டி" என்று விலகிக்கொண்டேன். நாளைக்குப் போடலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அவன் வந்து மூன்று நாள் கட்டிலோரம் உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தான். அவர் கண் திறக்கவில்லை.

தேநீர் மேசையோரம் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் தம்பி, உன்னைத்தான் கேட்டார், இரண்டு தடவை கேட்டார் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். என் பாவத்தைப் பத்து வருடத்துக்கு மேல் மனசில் வைத்து மறைத்தவன் அவன்.

"இல்ல தம்பி. அன்னைக்கு அவரு அதிகமாப் பேசல" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லண்ணே. உங்களயாவது பார்த்துட்டுப் போனாரே" என்றான். என் கப் காலியாக இருந்ததைப் பார்த்து இன்னொரு கப் ஊற்றிக் கொடுத்தான்.

அவன் இன்னும் கிள்ளானில்தான் இருக்கிறான். இப்போதெல்லாம் அங்கேயே நடக்கிற நினைவுக் கூட்டத்துக்கு வருடா வருடம் என்னைக் கூட்டிப் போக அவனே கார் எடுத்துக்கொண்டு வருகிறான். வழியெல்லாம் தலைவரைப் பற்றித்தான் பேசுவோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடத்தான் கிளம்புகிறேன். அவனிடம் எல்லாம் இருக்கிறது, அவர் சிரிப்பு, அவர் பொன்னாடை, அவர் மேடை. என்னிடம் இருப்பது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்ன அந்தக் கடைசிப் பேச்சு ஒன்றுதான். அதுவும் அவனைப் பற்றியது. அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று தலைவர் மிஞ்சமாட்டார்.